எந்த இப்ராகிம்? எந்த பர்னாந்து? ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு பெயர் வழிகாட்டி

வேலை மாற்றலாகி வரும் வங்கி அலுவலர், மீனும் கருவாடும் கொள்முதல் செய்ய வரும் வியாபாரி, இடம் வாங்க வருபவர், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வரும் ஆசிரியர் என்று யாராக இருந்தாலும் ராமநாதபுரம் கடற்கரையில் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்வார்கள். கையில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால், "எந்த இப்ராகிம்? யாரு மகன்?" என்று பதில் கேள்வி வரும். அதற்கு விடை இல்லாமல் நின்றால், ஊர்க்காரர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் உதவ முடியாது. வடக்கே எஸ்.பி.பட்டினத்திலிருந்து தெற்கே ரோச்மா நகர் வரை நீளும் இந்தக் கரையில், பெயர் என்பது ஒருவரைக் கண்டுபிடிக்கத் தொடங்கும் இடம்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு பணம் அனுப்புவதோ சரக்கு ஏற்றுவதோ பத்திரம் எழுதுவதோ கூடாது.

பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முதல் காரணம், கோயிலும் தர்காவும் தேவாலயமும். ராமேஸ்வரத்தில் ராமநாதசுவாமியை ஒட்டி ராமநாதன், ராமலிங்கம், சேதுராமன், சேது என்று பெயர்கள். தனுஷ்கோடி போகும் வழியில் இருக்கும் நம்புநாயகி அம்மனை ஒட்டி நம்பு, நம்புராஜன், நம்புநாயகி. வேறு மாவட்டத்தில் ‘நம்பு’ என்ற பெயரைக் கேட்பதே அரிது. ராமேஸ்வரம் தீவில் தெருவுக்குத் தெரு உண்டு. ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் செய்யது இப்ராகிம் ஷஹீது நினைவாக இப்ராகிம், செய்யது இப்ராகிம், சுல்தான் என்ற பெயர்கள் சுற்றுவட்டாரம் முழுக்க உண்டு. கீழக்கரையின் பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்) சதக்கத்துல்லா அப்பாவை நினைத்து சதக், சதக்கத்துல்லா. திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693இல் அருளானந்தர் கொல்லப்பட்டார்; போர்த்துக்கீசியத் துறவியான ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பெயர் அது. அதனால் அருளானந்து, பிரிட்டோ, அருள் என்ற பெயர்கள். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அந்தோணி இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம்: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தால், மூவருமே தங்கள் தலைமகனுக்கு அப்பா பெயரை வைக்க ஆசைப்படுவார்கள். ஆக, ஒரே தெருவில், ஒரே வயதையொட்டி, ஒரே பெயரில் மூன்று பேர் வளர்வார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தகப்பனார் பெயர் மட்டும்தான். தலைமுறை தாண்டினால் இன்னொரு சுழற்சியும் உண்டு. இப்ராகிம் மகன் சீனி, சீனி மகன் இப்ராகிம், அவர் மகன் மறுபடி சீனி. பழைய பத்திரம் பார்க்கும்போது இது எப்படிக் காலை வாரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, பெயரின் கடைசியில் ஒட்டும் பட்டங்கள். மரைக்காயர், லெப்பை, ராவுத்தர், சேர்வை, தேவர், பர்னாந்து, ரோச், ரொட்ரிகோ. வெளியூரிலிருந்து வருபவர்கள் இவற்றைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, ஒரே பட்டம் உள்ள இருவரை உறவினர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் கிழவன் சேதுபதிக்குத் துணை நின்ற வள்ளல் சீதக்காதியின் பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர்; ஊர் கீழக்கரை. அப்துல் கலாம் அவர்களின் தந்தை ஜைனுலாபுதீன் மரைக்காயர், ஊர் ராமேஸ்வரம். இரண்டு மரைக்காயர்கள் என்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் என்று கரை நெடுகிலும் அந்தப் பட்டம் உண்டு; கேரளத்தில் குஞ்ஞாலி மரைக்கார்; பினாங்கில் அதுவே மெரிக்கன் என்று ஒலிக்கிறது. பர்னாந்துவும் அப்படித்தான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த போர்த்துக்கீசியப் பெயர்கள் அவை. பாம்பன் பர்னாந்துவுக்கும் தூத்துக்குடி பர்னாந்துவுக்கும் நீர்கொழும்பு பர்னாந்துவுக்கும் உறவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். பட்டத்தைப் பார்த்து ஒருவரின் சாதியை, வசதியை, குணத்தை அளக்காதீர்கள். ஆளை அடையாளம் காண அது போதாது. அவரை மதிப்பிடுவதற்குச் சுத்தமாகவே உதவாது.

முதல் வேலை: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

இந்த ஊரில் பெயரின் பாதி இனிஷியலில்தான் இருக்கிறது. அவுல், பக்கீர், ஜைனுலாபுதீன் என்று மூன்று முன்னோர்களைத் தாங்கித்தான் ‘ஏ.பி.ஜெ.’ நின்றது. கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. அப்படி மூன்று எழுத்து இருப்பவரை அடையாளம் காண்பது எளிது. பெரும்பாலானவர்களுக்கு ஒரே எழுத்துதான். அங்கேதான் தொல்லை.

தமிழில் ச. முருகேசன், சி. முருகேசன், சு. முருகேசன், செ. முருகேசன் என்று நான்கு பேர் இருந்தால் நால்வரும் வேறு வேறு என்று பார்த்தவுடன் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியதும் நால்வரும் ‘எஸ். முருகேசன்’ ஆகிவிடுவார்கள். சீனி, சுல்தான், செய்யது, சாகுல், சிக்கந்தர் என்று தகப்பனார் பெயர்கள் பலவும் அந்த ஒரே எழுத்தில் தொடங்கும் ஊரில் ‘எஸ். இப்ராகிம்’ என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்வதால் பயனே இல்லை. எனவே உங்கள் பதிவேட்டில், கைப்பேசியில், கணக்குப் புத்தகத்தில் எல்லாம் இனிஷியலை முழுப் பெயராக விரித்து எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள். ‘இப்ராகிம், த/பெ சீனி முகம்மது, வேதாளை’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் குழப்பம் வராது.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். ஒரே மனிதர் ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரியும் இருப்பார். முகமது, முகம்மது, செய்யது, சையது, சையத், பர்னாந்து, பெர்னாண்டோ, மரைக்காயர், மரக்காயர், மரைக்கார். ஆங்கிலத்தில் எழுதினால் வடிவங்கள் இன்னும் பெருகும். எழுத்து வேறுபட்டதால் வேறு ஆள் என்றோ, எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒரே ஆள் என்றோ நினைக்காதீர்கள். பர்னாந்து, பெர்னாண்டஸ் இரண்டும் ஒலியால் நெருங்கியவை, ஆனால் தனித்தனிப் பெயர்கள்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் கணவர் பெயர், வங்கியில் எது முதலில் எழுதப்பட்டதோ அது. பாத்திமா, பீவி, நாச்சியா, அம்மாள் என்பவை குடும்பப் பெயர்கள் அல்ல; அவற்றை வைத்து எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் தகப்பனார் பெயர், கணவர் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர் நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள இருவரின் ரத்தப் பரிசோதனைத் தாள் மாறிப்போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஊருக்குள் எப்படி விசாரிப்பது

பெயருக்குப் பின்னால் தொழிலையும் சேர்த்துக் கேளுங்கள். "போட்டு (படகு) வச்சிருக்கிற அந்தோணி", "ஐஸ் கம்பெனி அந்தோணி", "சங்குக்கடை ராமநாதன்" என்றால் சட்டென்று கை நீட்டி வழி காட்டுவார்கள். தொழில் தெரியாவிட்டால் தகப்பனார் பெயர், அதுவும் தெரியாவிட்டால் தெரு அல்லது பள்ளிவாசல் அல்லது கோயில். கீழக்கரையில் வீட்டுப் பெயர் கேட்டால் இன்னும் சுலபம். பல குடும்பங்கள் வீட்டின் பெயராலேயே அறியப்படுகின்றன.

பட்டப்பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும். ஒத்த பெயர்களைப் பிரிக்க ஊரே கண்டுபிடித்த வழி அது. "நெட்டை முனியசாமி", "கட்டை முனியசாமி" என்று ஊர்க்காரர்கள் உங்களிடம் அடையாளம் சொல்வார்கள். கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆளை நேரில் பார்க்கும்போது அப்படிக் கூப்பிடாதீர்கள். அந்த உரிமை கூட வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான். வயதில் மூத்தவரை அண்ணே, ஐயா என்று அழைத்தால் எங்கும் பொருந்தும். கீழக்கரைப் பக்கம் மூத்தவர்களைக் காக்கா என்றும், அக்காவை லாத்தா என்றும் அவர்களுக்குள் அழைத்துக்கொள்வார்கள். புதியவர் ‘பாய்’ என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மன்னர்களுக்கே இந்தத் தேவை இருந்திருக்கிறது. ரகுநாதன் என்ற பெயரைத் தாங்கிய சேதுபதிகள் பலர். திருமலை ரகுநாத சேதுபதி, ரகுநாத கிழவன் சேதுபதி, முத்து விஜயரகுநாத சேதுபதி என்று முன்னும் பின்னும் சேர்த்துத்தான் வரலாறு அவர்களைப் பிரிக்கிறது.

படகு சம்பந்தப்பட்ட வேலை என்றால் உரிமையாளர் பெயரைவிடப் படகின் பதிவு எண் முக்கியம். ‘ஐஎன்டி டிஎன்’ என்று தொடங்கும் அந்த எண் படகின் மேலேயே எழுதியிருக்கும். பணம், டீசல், ஐஸ், மீன் எடை எல்லாக் கணக்கிலும் அந்த எண்ணைச் சேர்த்து எழுதுங்கள். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துப்போன நாட்களில் பெயர்ப் பட்டியல் கைப்பேசிகளில் சுற்றும். ‘அந்தோணி, 34’ என்று மட்டும் இருந்தால் தங்கச்சிமடத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்துவிடும். நீங்கள் செய்தியாளராகவோ அலுவலராகவோ இருந்தால் தகப்பனார் பெயர், ஊர், படகு எண் மூன்றும் உறுதியாகும்வரை அந்தப் பட்டியலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்களை ஜெட்டியில் தேடிப் பயனில்லை. வீட்டு முகவரி கையில் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும்

மண்டபம் வேறு, மண்டபம் முகாம் வேறு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருப்பது மண்டபம் முகாமில், அந்த மையத்தின் பின்கோடு 623520. மண்டபத்துக்கு 623518. பாம்பன் தீவில் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அடுத்தடுத்த ஊர்கள். தேவிபட்டினம், பெரியபட்டினம், பாசிபட்டினம், எஸ்.பி.பட்டினம் என்று பட்டினங்கள் மட்டுமே ஒரு வரிசை. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் புதுக்கோட்டை மாவட்டம். முத்துப்பேட்டை இங்கே பெரியபட்டினத்துக்குப் பக்கத்திலும் உண்டு, திருவாரூர் மாவட்டத்திலும் உண்டு. ஏர்வாடி திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. பார்சல் அனுப்பும் முன் பின்கோடைப் பாருங்கள்: நம் ஊர்களுக்கு 623 என்று தொடங்க வேண்டும். 614 என்றோ 627 என்றோ இருந்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

கல்லூரிகளிலும் இதே கதைதான். செய்யது அம்மாள் பொறியியல் கல்லூரி ராமநாதபுரத்தில். செய்யது ஹமீதா கலை அறிவியல் கல்லூரி கீழக்கரையில். ‘செய்யது காலேஜ்’ என்று ஆட்டோவில் சொல்லாதீர்கள்.

கடைகளும் நிறுவனங்களும்

தனிமனிதர்களைவிட இதில்தான் பணம் அதிகம் சிக்கும். அப்பா நடத்திய கடை பாகம் பிரிந்தால், பேர் வாங்கிய அந்தப் பெயரை எந்தப் பிள்ளையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருவர் ‘அன் சன்ஸ்’ என்பார், ஒருவர் ‘பிரதர்ஸ்’ என்பார், இன்னொருவர் ‘நியூ’ சேர்ப்பார், ‘பழைய’ என்று எழுதியிருப்பதுதான் புதுக்கடையாக இருக்கும். இதில் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. மூவருக்கும் அந்தப் பெயரில் நியாயமான உரிமை இருக்கலாம். ஆனால் கணக்கு தனி, பொறுப்பு தனி. அண்ணன் கடைப் பாக்கியைத் தம்பி கடையில் போய்க் கேட்காதீர்கள். தம்பியின் நாணயத்தை நம்பி அண்ணனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிரித்துப் பார்க்க நம்பகமான வழி ஜிஎஸ்டி எண். பில்லில் இருக்கும் 15 இலக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். இரண்டு கடைகளின் பில்லில் இந்தப் பத்து இலக்கமும் ஒன்றாக இருந்தால் பலகை என்ன சொன்னாலும் இரண்டும் ஒரே ஆளுடையது, அல்லது ஒரே நிறுவனத்துடையது. வேறாக இருந்தால், பலகை ஒன்றாக இருந்தாலும் அவை சட்டப்படி வேறு வேறு வியாபாரங்கள். ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்தையும் பாருங்கள்: ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு வியாபாரம், ‘சி’ என்றால் கம்பெனி. இந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயரும் கடைப் பெயரும் தனித்தனியாக வரும். கடைப் பெயரை விடுங்கள். சட்டப்பூர்வப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐஸில் வைத்த பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் பல மீன் வியாபாரிகளிடம் இந்த எண்ணே இருக்காது. அவர்களிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். கூடவே வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஒரு படம். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். பெயர்க் குழப்பத்தில் அவரும் அடிபட்டிருப்பார்.

பணம் அனுப்பும்போது

யூபிஐயில் எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும். அவசரப்படாமல் அதை எதிராளிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "இது என் மச்சான் கணக்கு" என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று நேரில் பார்த்தபின் மீதியை அனுப்புங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் வைத்தே போய்ச் சேர்ந்தன. பெயரை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2025 ஏப்ரல் முதல் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ‘எஸ் இப்ராகிம்’ என்று வந்தால், அது நீங்கள் தேடும் இப்ராகிம்தானா என்பதை அந்த வசதி சொல்லாது.

இடம் வாங்குபவர்கள் நிதானிக்க வேண்டிய இடம்

மேலே சொன்ன தாத்தா–பேரன் சுழற்சி முழு வீச்சில் விளையாடுவது பத்திரத்தில்தான். 1950களின் மூலப்பத்திரத்தில் இருக்கும் ‘சீனி குமாரர் இப்ராகிம்’ வேறு. இன்று விற்க வந்திருக்கும் ‘சீனி மகன் இப்ராகிம்’ வேறு. பெயரும் தகப்பனார் பெயரும் அச்சாக ஒன்றே! அவர் இவருடைய தாத்தாவாக இருக்கலாம். அப்படியானால் சொத்தில் பங்குள்ள அத்தைகளும் சித்தப்பாக்களும் இருப்பார்கள்.

எனவே பெயரிலிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்குங்கள். புல எண், உட்பிரிவு எண் இரண்டையும் முதலில் உறுதிசெய்து, வில்லங்கச் சான்றை அந்த எண்ணுக்குப் போடுங்கள். மூலப்பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை, அதாவது எல்லை விவரத்தை, எடுத்துக்கொண்டு நேரில் போய் நான்கு எல்லைகளையும் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களிடம் பேசுங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதிக்கொடுத்தவரின் வயதையும் பத்திரத்தின் ஆண்டையும் வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடுங்கள். அதில் இடித்தால் ஆள் வேறு. இடையில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்காக இன்னொருவர் பவர் பத்திரத்துடன் வந்தால், அந்த வாரிசிடம் வீடியோ அழைப்பில் தகப்பனார் பெயர், தாத்தா பெயர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேளுங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாடு மட்டும்தான் சிக்கல் என்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிப் பத்திரத்தோடு சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரைக் கேளுங்கள்.

நீங்களே இங்கே கடை போடுவதாக இருந்தால்

உங்கள் சொந்தப் பெயரிலேயே ஏற்கெனவே ஒரு கடை இருக்கலாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, சொந்தப் பெயரை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துபவரைக் காக்கிறது. அந்த ‘நல்லெண்ணத்தோடு’ என்பதுதான் உயிர்நாடி. பக்கத்துக் கடையின் எழுத்து வடிவம், நிறம், பொட்டலம் எல்லாவற்றையும் ஒத்துச் செய்துவிட்டு "என் பெயர் அது" என்றால் எடுபடாது. ஜிஎஸ்டி பதிவில் கடைப் பெயர் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பதிவு கிடைத்ததால் பெயர் உங்களுடையது ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கம்பெனியாகப் பதிவு செய்தால் மட்டும் ஒத்த பெயர் மறுக்கப்படும். பலகை எழுதும் முன் தெருவில் ஒரு நடை நடந்து, அதே பெயரில் கடை வைத்திருப்பவரைப் பார்த்து, உங்கள் பெயருடன் ஊர்ப் பெயரையோ தகப்பனார் பெயரையோ சேர்க்கப்போவதாகச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு உங்களுக்கு வரவேண்டிய பார்சல் அவர் கடைக்குப் போகும். அவருடைய வாடிக்கையாளர் உங்களிடம் வருவார். அப்போது இருவரும் மாற்றி அனுப்பிக்கொள்ள முகம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, யாருக்கோ போகவேண்டிய பணம் உங்கள் கணக்கில் வந்து விழுந்தால் அதைத் தொடாதீர்கள். "தவறுதலா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி விடுங்க" என்று அழைப்பு வந்தால், அந்த எண்ணுக்கு அனுப்பாமல் உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வந்த கணக்குக்கே வங்கி திருப்பட்டும். உங்கள் பணம் தவறான ஆளுக்குப் போயிருந்தால் அன்றைக்கே வங்கியில் புகார் எழுதிக் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.